கடை ரொட்டியும் எங்கள் ஊறுகாயும்

எங்கள் சபையில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை வீட்டுக் கூட்டம் நடக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு வீடு. பாட்டு, ஜெபம், போதகர் அரை மணி நேரம் பேசுவார். அப்புறம் தேநீரும் ஒரு பலகாரமும். ஒரே ஒரு பலகாரம்தான் என்பது சபையே கூடிப் போட்ட விதி. அதற்கு முன்னால் ஒரு வீட்டில் கேக் என்றால் அடுத்த வீட்டில் கேக்கும் வடையும், அதற்கடுத்த வீட்டில் கேக்கும் வடையும் கட்லெட்டும் என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் நாலைந்து குடும்பங்கள் தங்கள் வீட்டில் கூட்டமே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்களாம். அதனால் வந்த விதி.

நாங்கள் ஒதுங்கவில்லை. எங்களைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

அப்பா கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளி. நெஞ்சில் தூசி கட்டிவிட்டது, இனிமேல் கீழே இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு பெங்களூர் வந்தோம். லிங்கராஜபுரத்தில் வரிசை வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, பின்னால் ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு முற்றம். அப்பாவுக்கு ஒரு மர டிப்போவில் பகல் காவல். நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன், மாலையில் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். ரயில் பாதையைத் தாண்டினால் எங்கள் சபைக் கோயில். ஞாயிற்றுக்கிழமை தவறியது கிடையாது.

வீட்டுக் கூட்டத்துக்கும் அம்மா தவறியது கிடையாது. இரண்டரை வருஷத்தில் எல்லார் வீட்டையும் பார்த்துவிட்டாள். யார் வீட்டில் எத்தனை நாற்காலி, யார் வீட்டு ஜன்னலுக்கு என்ன நிறத் திரை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். கூட்டம் முடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த வீட்டுச் சமையலறைக்குள் போய் டம்ளர்களைக் கழுவி வைப்பாள். யாரும் தடுத்ததில்லை. "ரொம்ப நன்றிம்மா" என்பார்கள்.

பட்டியல் எழுதுகிறவர் சபைச் செயலாளர். ரயில்வேயில் பெரிய குமாஸ்தா. அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர், எல்லாருக்கும் டீச்சரம்மா. எங்கள் வீட்டை எப்போது எழுதப் போகிறீர்கள் என்று அம்மா ஒரு தடவை டீச்சரம்மாவைக் கேட்டாள். "ஒங்க வீடு சின்னதுல்லா, ஒங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டைவிட அரை அடி குறைவான ஒரு வீட்டில் இரண்டு தடவை கூட்டம் நடந்திருந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஊர் வேறு.

புரியும்படியே சொல்லிவிடுகிறேன். நாங்கள் வட ஆற்காட்டுப் பக்கம். கோலார் வயலிலிருந்து வந்தவர்கள் என்றதுமே சபையில் கேள்வி ஆரம்பித்துவிடும். ஊரா சேரியா என்று நேராகக் கேட்க மாட்டார்கள், கிறிஸ்தவர்கள் அல்லவா. தாத்தா எந்த வருஷம் ஞானஸ்நானம் எடுத்தார், அதற்கு முன்னால் என்ன வேலை, எந்தத் தெரு என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து அதே இடத்தில் நிற்பார்கள். பதில் தெரிந்ததும் இன்னும் அன்பாகிவிடுவார்கள். அந்த அன்பில் ஒன்று மட்டும் கிடையாது: எங்கள் வீட்டில் வாய் நனைப்பது.

"ஞாயித்துக்கிழமை ஒரே கிண்ணத்துல திராட்ச ரசம் குடிக்கறாங்களே, எனக்கு அடுத்தது அந்தச் செயலாளருதான்" என்று அப்பா ஒருநாள் சொன்னார். "நான் குடிச்சதுக்கு அப்புறம் கிண்ணத்த ஒரு பாதி திருப்பிக்கறாரு. நானும் அவரு வசதிக்கு ஒரு ஓரமா குடிச்சி வெக்கறேன்."

அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த இருபது பேரும், டீச்சரம்மா உட்பட, தன் வீட்டுப் பாயில் உட்கார்ந்து தன் வீட்டுப் பண்டத்தைச் சாப்பிட வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் யாரோ ஒருவர் வீட்டு டம்ளரைக் கழுவிவிட்டு ரயில் பாதையோரம் என்னோடு நடந்து வரும்போது எனக்குத் தெரியும்.

நவம்பர் மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்போது நான் எழுந்து நின்றேன். யோசித்து நின்றேன் என்று சொன்னால் பொய். எனக்குக் கால் முந்திக்கொள்ளும், அப்புறம்தான் தலை. "அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை எங்க வீட்டுல வெச்சுக்கலாம்" என்றேன்.

செயலாளர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "இடம் போதுமாம்மா?"

"முற்றத்துல பாய் போட்டா முப்பது பேர் உக்காரலாங்க."

போதகர் நல்ல மனிதர், கொஞ்சம் மறதிக்காரர். "ரொம்பச் சந்தோஷம், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டதால் செயலாளர் எழுதினார்.

அம்மா வீடு வந்து, கதவைத் திறந்து, செருப்பை விட்டு, தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்: "கேட்டுட்ட. இன்னா குடுப்ப?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் வீட்டில் பையனுக்குப் பிறந்தநாள் வந்தபோது அந்த வீட்டம்மா ஒரு கிண்ணத்தில் வெண்ணெய் மாதிரிக் கெட்டியாக ஏதோ வைத்து, சுற்றிலும் பிஸ்கட் குச்சிகளை அடுக்கியிருந்தார்கள். குச்சியை அதில் தோய்த்துத் தின்ன வேண்டும். அதற்கு 'டிப்' என்று பேர். பாலாடைக்கட்டியில் வினிகரில் ஊறிய வெள்ளரித் துண்டுகளைக் கலந்திருந்தார்கள். தின்று பார்த்தேன், சப்பென்று இருந்தது. இதற்குள் எங்கள் அம்மாவின் எலுமிச்சை ஊறுகாயைப் போட்டால் எப்படி இருக்கும் என்று அங்கேயே நாக்கில் கணக்குப் போட்டுவிட்டேன்.

அம்மாவின் எலுமிச்சை ஊறுகாய்க்கு எண்ணெயும் உண்டு, வயதும் உண்டு. ஜாடிக்குள் ஒரு வருஷம் கிடந்து தோல் கறுத்து அல்வா மாதிரி ஆகியிருக்கும். அதைத் தயிரோடு சேர்த்து, வறுத்த ரொட்டியை நீளத் துண்டுகளாக வெட்டிப் பக்கத்தில் வைத்தால் ஆச்சு. கேக் வேண்டாம், வடை சுட்டு வேர்க்க வேண்டாம். ஒரு பலகாரம் என்ற விதிக்கும் பழுதில்லை.

முதல் தடவை செய்தது பாழ். தயிரை அப்படியே கலந்தேன். ரொட்டியை முக்கி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் முழங்கை வரை ஒழுகியது. அப்பா கிண்ணத்தைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்தார். "நல்லாத்தான் இருக்குது. ரசம்னு சொல்லிக் குடு, பிரச்சனை இல்ல."

இரண்டாவது தடவை தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, நாலு மடிப்பாக்கி, ஜன்னல் கம்பியில் கட்டி, கீழே சட்டி வைத்தேன். கார்த்திகைக் குளிரில் பெங்களூரில் தயிர் புளிக்கவே அடம்பிடிக்கும், அதுவும் எனக்கு வசதியாகிப்போனது. காலையில் கட்டினால் மதியத்துக்குள் தண்ணீரெல்லாம் இறங்கி, துணிக்குள் வெள்ளை உருண்டையாக நின்றது. ஊறுகாயை அம்மியில் வைத்து ஒரே இழுப்பாக அரைத்துக் கலந்தேன். நாக்கில் வைத்தால் வேப்பங்காய்க் கசப்பு. விதையோடு அரைத்துவிட்டேன். எலுமிச்சை விதை முழுசாக இருக்கும்வரை சாது, நசுங்கினால் அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அரைக்கவில்லை, தோலைக் கத்தியால் பொடியாகக் கொத்தினேன். நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, அது நன்றாக ஆறும்வரை விசிறிக்கொண்டே நின்றேன். சூட்டோடு கொட்டினால் தயிர் திரிந்துபோகும் என்று எனக்கே தோன்றியது. கடைசியில் சின்ன வெங்காயம் நாலு, கொத்தமல்லித் தழை ஒரு பிடி. உப்பு சேர்க்கவே கூடாது, ஊறுகாயில் இருப்பதே போதும்.

அப்பா ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு இன்னொரு துண்டை நீட்டினார். அம்மா விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். "இதுக்கா ஒரு வருசமா அந்த ஜாடியக் காத்தேன்" என்றாள். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

பால்காரக் கன்னடத்து அம்மாவிடம் சனிக்கிழமைக்கு மூன்று படி தயிர் சொல்லி வைத்தேன். "அஷ்டு மொசரா? அவ்வளவு தயிரா, வீட்டில் கல்யாணமா?" என்றாள். கூட்டம் என்றேன். "உங்க ஜனங்க தயிரு குடிச்சிட்டுத்தான் பாடுவாங்களா" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வரும்போது கடையில் ஒரு கட்டு தொன்னை வாங்கினேன். மந்தார இலையைக் கிண்ணம் மாதிரி மடித்துத் தைத்தது. பெங்களூரில் கல்யாணம், கோயில் பிரசாதம் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆளுக்கு ஒரு தொன்னை, அதில் ஒரு கரண்டி டிப், ஓரத்தில் நாலு ரொட்டித் துண்டு. ஒரே கிண்ணத்தில் கடித்ததையே திரும்ப முக்கி எச்சில் ஆக்குகிறார்கள் என்ற பேச்சுக்கும் இடமில்லை. என் புத்திசாலித்தனத்தில் எனக்கே பூரிப்பு. கட்டை அம்மா முன்னால் வைத்தேன்.

அம்மா அதைத் தொடவில்லை. "இது எதுக்கு?"

"பதினெட்டு இருபது பேருக்குத் தட்டு இல்லியேம்மா. கழுவற வேலையும் மிச்சம்."

"தட்டு ஒம்போது இருக்குது."

"பத்தாது."

"ஒம்போது பேரு துன்னதும் கழுவிட்டு அடுத்த ஒம்போது பேருக்குக் குடு. கழுவறது எனக்குப் புதுசா?" தொன்னைக் கட்டைக் கண்ணால் காட்டினாள். "எங்கப்பன் டீ குடிச்சது கொட்டாங்குச்சியில. கடக்காரன் மேல தூக்கி ஊத்துவான். ஏன்னா அவன் கெளாசு எங்கப்பன் கையில படக்கூடாது. இப்ப நம்ம தட்டு அவுங்க கையில படக்கூடாதுன்னு நீயே ஓடிப்போயி எலைய வாங்கியாந்துட்ட. அவுங்க கேக்கக்கூட இல்லடி. நீயே குடுத்துட்ட."

"அதுக்கில்லம்மா" என்று ஆரம்பித்தேன். ஆனால் அதற்குத்தான். இலை யார் வீட்டுப் பாத்திரமும் இல்லை, ரொட்டி பேக்கரியில் சுட்டது, எங்கள் அடுப்பும் எங்கள் தட்டும் கண்ணில் படாமல் இருந்தால் அவர்களுக்கு மறுக்க வழி இருக்காது என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கை எனக்கே சொல்லிக்கொள்ளாமல் போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

"அவங்க சாப்பிடணும்னுதானே நீயும் ஆசப்படற" என்றேன்.

"ஏமாத்தித் துன்ன வெச்சா அது நம்ம வூட்டுல துன்னதா?"

கோபத்தில் நானும் விடவில்லை. யாருமே சாப்பிடாமல் எழுந்துபோனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். போனால் போகட்டும், போனதை நான் பார்க்கிறேன் என்றாள். மறுநாள் காலையில் தொன்னைக் கட்டைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, பரணிலிருந்து எனாமல் தட்டுகளை இறக்கினேன். கோலார் வயலிலிருந்து கொண்டுவந்தவை. வெள்ளையில் நீல விளிம்பு, ரெண்டு மூன்றில் ஓரம் பெயர்ந்து கறுப்புத் தெரியும். பெயர்ந்ததை ஒளிக்கவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தேன்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு முற்றம் முழுக்கப் பாய். அண்டை வீடுகளிலிருந்து இரவல் வாங்கிய பெஞ்சு இரண்டு. பதினாறு பேர் வந்தார்கள். வராத நாலு பேருக்கும் காரணம் இருந்தது, காரணங்களைச் சொல்லியனுப்பியும் இருந்தார்கள். டீச்சரம்மா வந்துவிட்டார்கள். செயலாளரின் மனைவி வராமல் இருக்க முடியாது. பெஞ்சின் நுனியில், கைப்பையை மடியில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்தார்கள்.

பாடினோம். அப்பாவுக்கு இருமல், இருந்தாலும் கடைசிச் சரணத்தை விடவில்லை. போதகர் பேசினார். என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே ரொட்டி வறுத்தது மெத்தென்று ஆகிவிடுமோ என்பதிலேயே என் நினைப்பு.

தட்டுகளை நானும் அம்மாவும் எடுத்து வந்தோம். ஆளுக்கு நாலு துண்டு ரொட்டி, நடுவில் ஒரு கரண்டி டிப். முதல் தட்டு போதகருக்கு. அவர் ஒரு துண்டை முக்கி வாயில் போட்டார், கண்ணை மூடினார், "இது என்ன?" என்றார்.

"ஊறுகாய்ங்க" என்றாள் அம்மா.

"ஊறுகாயா? தயிர் சாதம் இல்லாமல் ஊறுகாயா?"

"தயிரும் அதுலதான் கீது. சோறுதான் வரல" என்றார் அப்பா.

போதகர் சிரித்ததில் ரெண்டு பேர் கை தட்டுக்குப் போனது. தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு இளைஞன் நாலு துண்டையும் முடித்துவிட்டு விரலால் தட்டை வழித்தான். காரம் ஏறி மூக்கை உறிஞ்சிக்கொண்டே "இன்னொரு கரண்டி கிடைக்குமா அக்கா" என்றான். அவனும் எங்கள் மாதிரி வீட்டுப் பிள்ளைதான், அதனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் அப்படியில்லை. தட்டைக் கொஞ்ச நேரம் முழங்காலில் வைத்திருந்துவிட்டு, பேச்சுவாக்கில் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார். அவரைப் பார்த்து அவர் மனைவி. அவர்களைப் பார்த்துச் செயலாளர் ஒரு துண்டு, முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு.

காலியான தட்டுகளைக் கழுவி மீதிப் பேருக்கும் கொடுத்த பிறகு, அம்மா டீச்சரம்மாவின் முன்னால் தட்டோடு நின்றாள்.

"எனக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல, கேட்டியளா. டீ மட்டும் போதும்."

"டீயும் வருதுங்க" என்றாள் அம்மா. தட்டை நீட்டியபடியே நின்றாள். சுற்றியிருந்த பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. டீச்சரம்மா தட்டை வாங்கிக்கொண்டார்கள். வாங்கி, டிப் படாத ஒரு துண்டு ரொட்டியைப் பார்த்து எடுத்து, வெறும் ரொட்டியாகக் கடித்து மென்றார்கள்.

கடை ரொட்டி. என் கணக்கு அப்படியே பலித்திருந்தது. எங்களுடையதை விட்டுவிட்டு பேக்கரிக்காரனுடையதைச் சாப்பிட்டார்கள். எனக்குக் காது சுட்டது. தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

அம்மா குனிந்து, தட்டில் இருந்த டிப்பைக் கரண்டியால் அள்ளி, டீச்சரம்மாவின் கையில் கடித்தது போக மீதி இருந்த துண்டின் மேல் தாராளமாக வைத்தாள். "ரொட்டி எங்களுது இல்லீங்க டீச்சரம்மா, கடையோடது" என்றாள். குரலில் சூடு கிடையாது, வழி சொல்கிற மாதிரிச் சொன்னாள். "எங்களுது இதான்."

செயலாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது, முடிவு ஜெபம் செய்துவிடலாம் என்றார். எல்லாரும் எழுந்து நின்று தலை குனிந்தார்கள். அம்மாவும் கண்ணை மூடிவிட்டாள், ஜெபத்தில் அவள் கண் திறந்து நான் பார்த்ததில்லை.

நான் திறந்தேன். டீச்சரம்மாவும் திறந்துதான் இருந்தார்கள். கையில் அந்தத் துண்டு. கீழே வைக்க இடமில்லை, ஜெபத்துக்கு எழுந்தபோது தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து நின்றிருந்தார்கள். ஒரு தடவை சுற்றிலும் பார்த்தார்கள். அப்புறம் சட்டென்று வாயில் போட்டுக்கொண்டார்கள். மென்றார்கள், நின்றார்கள், மறுபடி மென்றார்கள். விழுங்கும்போது என்னைப் பார்த்துவிட்டார்கள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டோம்.

எல்லாரும் போனபின் முற்றத்தில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை எங்கள் தட்டுகள். அம்மா தலை நிமிராமல் கேட்டாள்: "துன்னாங்களா?"

"துன்னாங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். யாரும் பாக்காதப்ப."

அம்மா கையிலிருந்த தட்டைத் தண்ணீரில் அலசினாள். "யாரும் பாக்காதப்ப துன்றதுக்கு நான் எதுக்கு பாய் போட்டேன்" என்றாள்.

எனக்கும் அதேதான் உறுத்தியது. மறுநாள் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் செயலாளர் முன்னால் போய் நின்றேன். புது வருஷப் பட்டியலில் எங்கள் வீட்டையும் எழுதச் சொன்னேன்.

"அதான் இப்பத்தானே ஒரு தடவை ஆச்சேம்மா."

"எல்லார் வீட்டுலயும் ஒரு தடவ ஆச்சுங்க. அவங்க வீடெல்லாம் மறுபடியும் வருதே."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். பக்கத்தில் டீச்சரம்மா நின்றிருந்தார்கள். கைப்பையைத் திறந்து எதையோ தேடினார்கள், தேடியது கிடைக்கவில்லை போல மூடிவிட்டார்கள். தலைமை ஆசிரியரின் மனைவியும் இன்னும் ரெண்டு பேரும் காது கேட்கிற தூரத்தில் இருந்தார்கள். டீச்சரம்மா என்னைப் பார்க்காமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்கள்:

"ஏ பிள்ளை, ஒங்கம்மாட்ட சொல்லு. ஊறுகாயில வெந்தயம் கூடிப்போச்சு. லேசாக் கசந்துச்சு."

செயலாளர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பேனாவைத் திறந்து எழுதினார்.

நான் ரயில் பாதையை ஓட்டமும் நடையுமாகத் தாண்டி வந்து அம்மாவிடம் ஒப்பித்தேன். எந்த வார்த்தையும் விடாமல் சொல்லச் சொன்னாள். யார் யார் நின்றார்கள் என்று கேட்டாள். தலைமை ஆசிரியர் வீட்டம்மா கேட்டார்களா, நிச்சயமாகக் கேட்டதா என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் காலி ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, மார்க்கெட்டுக்குப் போய் முப்பது எலுமிச்சை வாங்கி வரச் சொன்னாள். தோல் மெலிசாகப் பார்த்து வாங்கு என்றாள்.

மாசி மாதம் மறுபடி எங்கள் வீட்டில் நடந்த கூட்டத்தில் டீச்சரம்மா தட்டை வாங்கி மடியில் வைத்து, முக்கி, மென்று, "இன்னமும் கசக்குதே" என்றார்கள்.

"எங்க வூட்டு அளவு அதுதாங்க" என்று சொல்லி அம்மா இன்னொரு கரண்டி வைத்தாள்.